பொட்டு வைத்த கண்கள்

ராஜபாளையம்,
18.8.1997

அத்தானுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க வாய் வரவில்லை, ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் முன்னால் வந்து நிற்கலாம். வர மாட்டேன். ஆடிப்பூரத் தேருக்கு நான் பிந்தி வந்தது தப்புதான். அதற்காக பஸ் ஸ்டாண்டில், பால்கோவாக் கடைக்காரர் முதற்கொண்டு நாலு சனம் பார்க்க, "நீ அந்தக் கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழுட்டி" என்றீர்களே, அது இன்னும் காதுக்குள்ளேயே கிடக்கிறது. அப்படியே பஸ் ஏறி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கல்யாணமாகி முதல் ஆடி, அதனால்தான் மகள் வந்திருக்கிறாள் என்று அம்மா தெருவில் சொல்லிச் சமாளித்தாள். ஆவணி பிறந்தாயிற்று. இனி என்ன சொல்லுவாள், பாவம்.

இதைப் பேச்சிமுத்து அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு தினமும் உங்கள் மில்லுக்கு வருகிற மனுஷன், நம் இரண்டு பேர் மேலும் பிரியம் உள்ளவர். தூக்குச்சட்டியின் மேல் தட்டில் வைத்துக் கொண்டுவருவாராம். "ஸ்டாம்ப் காசை மிச்சம் பண்ணித் தாரேன் மைனி, சண்டை தீர்ந்ததும் ஒரு கோழிக்குழம்பு வச்சாப் போதும்" என்கிறார்.

மற்றவன் செய்த வேலையில் நொட்டை சொல்ல ஒரு சம்பளமா என்று கேட்டீர்கள். ஆமாம், அதற்குத்தான் சம்பளம். எங்கள் கம்பெனியில் பொன்னுராஜ் புரோகிராம் எழுதுகிறார். அது எந்த இடத்தில் சறுக்கும் என்று பார்ப்பது என் வேலை. இந்தத் தடவை எழுதுவது உங்கள் மில்லுக்கு, அதுவும் நீங்கள் ஃபிட்டராக நிற்கிற ப்ளோ ரூமுக்கு. பஞ்சை உதறும்போது அதில் ஆணியோ கம்பியோ கிடந்தால் உரசிப் பொறி பறக்கும், அந்தப் பொறி ஃபேன் காற்றோடு குழாய்க்குள் ஓடி எங்கேயாவது பற்றிக்கொள்ளும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் கண்ணாடிக் கண்கள் வைக்கிறோம். மொத்தம் மூன்று. குழாயின் கண்ணாடி ஜன்னல் வழியாக வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவை இரண்டு, அந்தக் குழாய் கழிவுப் பஞ்சைக் கொண்டுபோய்க் கொட்டுகிற தூசி ரூமுக்குள் ஒன்று. கண் பொறியைப் பார்த்ததும் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் ஃபேனை நிறுத்தும். நிறுத்துகிறதா என்று பார்க்கிறவள் நான். அந்தக் குழாய்க்குக் கீழே நிற்கிறவர் நீங்கள். இதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன், நீங்கள் சொல்ல விடவில்லை.

செல்லக்கனி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
21.8.97

செல்லக்கனிக்கு,

லெட்டர் கெடைச்சது. கூடவே பேச்சிமுத்து வீட்டுப் புளிக்குழம்பும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வந்தது. உன் கோவத்துக்கு அது தொட்டுக்கிட நல்லா இருந்துச்சு.

கோவத்துல சொன்னேன். கோவம் யாருக்குத்தான் வராது? அக்கா, மாமா, அக்கா மக எல்லாரும் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டு நிக்காவ. "உம் பொண்டாட்டி எங்கலே?" "இப்ப வந்துருவா." "உம் பொண்டாட்டி எங்கலே?" "இந்தா வந்துருவா." தேர் நிலைக்கு வந்து நின்னாச்சு, நீ வரலை. அதுக்குப் பொறவு கைப்பையை ஆட்டிக்கிட்டு எறங்குத. வந்ததும் வராததுமா, "மூணாவது சோதனை முடிய நேரமாயிட்டு"ங்க. எனக்கு எப்பிடி இருக்கும்?

உன் மூணு கண்ணு சங்கதி சூப்பர்வைசர் சங்கையா சொன்னார். இப்ப தூசி ரூம் வாசல்ல சீனிச்சாமின்னு ஒருத்தர் தண்ணி வாளியோட காவல் இருக்கார். உன் கண்ணு வந்துட்டா அவர் எதுக்குன்னு ஆபீஸ்ல பேச்சு. நல்லதோ கெட்டதோ தெரியலை. ஆனா நம்ம ப்ளோ ரூமுக்கு வர்றது எம் பொண்டாட்டி பார்த்து அனுப்புற மெஷினுன்னு பேச்சிமுத்து மில்லு பூரா தமுக்கடிச்சிட்டான். நானும் மறுக்கலை.

இப்பவும் கோவம் தீரலை. பாதி தீர்ந்திருக்கு.

சுயம்புலிங்கம்


ராஜபாளையம்,
28.8.1997

அத்தானுக்கு,

பாதி தீர்ந்த கோபத்துக்குப் பாதி நன்றி.

எனக்கு நேரத்தை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்பதுதானே உங்கள் குறை? உங்களிடம் பட்ட பேச்சுக்குப் பிறகு உட்கார்ந்து யோசித்து ஒரு ஒழுங்கு பண்ணியிருக்கிறேன். காலையில் புத்தி தெளிவாக இருக்கும்போது ஆளைக் கொல்லக்கூடிய சோதனைகள். மத்தியானம் சாப்பிட்ட கிறக்கத்தில் ஆளைச் சங்கடப்படுத்துகிற சோதனைகள், அதாவது ரிப்போர்ட்டில் தேதி சரியாக வருகிறதா, உங்கள் மில் பெயர் கோணாமல் அச்சாகிறதா என்பது மாதிரி. நடுவில் யார் வந்து, "செல்லக்கனி, இதைச் செத்த பாரேன்" என்றாலும் நாலு மணிக்கு வாங்க என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் முதலாளிக்கு முகம் சுளிக்கிறது. அவருக்கு முதலில் வேண்டியது கலர் ரிப்போர்ட். அவருடைய பயம் அவருக்கு.

ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும், பார்த்துவிட்டேன். இரண்டு பொறி ஒரே நேரத்தில் வந்தால், பார்த்துவிட்டேன். இப்படி முக்கால்வாசி முடிந்தது. ஒன்று மட்டும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குப் பொறி தெரியவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். பொறி இல்லை என்பது ஒன்று. கண் மறைந்திருக்கிறது என்பது இன்னொன்று. பொன்னுராஜின் புரோகிராமுக்கு இரண்டும் ஒன்றுதானோ என்று எனக்குச் சந்தேகம். கண்ணைக் கறுப்புத் துணியால் பொத்திவிட்டு, அது கத்துகிறதா, எல்லாம் சுகம் என்று சும்மா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். ஆனால் அசல் கண்கள் கோயம்புத்தூரிலிருந்து செப்டம்பர் பன்னிரண்டாம் தேதிதான் வருகின்றன. பதின்மூன்று, பதினான்கு இரண்டு நாளையும் இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். பதினைந்தாம் தேதி உங்கள் மில்லில் மாட்டியாக வேண்டும். புரட்டாசி பிறந்துவிட்டால் புதுசு எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்று உங்கள் முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

செல்லக்கனி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
31.8.97

செல்லக்கனி,

அக்கா மகளுக்குச் சடங்கு வச்சிருக்கு. செப்டம்பர் 14, ஞாயித்துக்கிழமை. ஆவணியில அதுதான் கடைசி முகூர்த்தம், அதை விட்டா ஐப்பசிதான். மாத்தச் சொல்லி நீ எழுதுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.

நான் தாய்மாமன். சீர் நம்ம வீட்டுலருந்து போகணும். சனிக்கிழமையே வந்து பட்டும் பழமும் எடுத்து வச்சு, மறுநா மேளத்தோட மொதத் தட்டைத் தூக்கிட்டு வாரது மாமன் பொண்டாட்டி. வேற யாரும் தூக்க முடியாது. எங்க பரிபூரணம் அக்கா எனக்காக எம்புட்டு செஞ்சிருக்கான்னு உனக்குத் தெரியும். தாய் இல்லாத எனக்கு அவதான் தாய். அவ வீட்டு வாசல்ல நான் ஒத்தையில தட்டைத் தூக்கிட்டுப் போய் நின்னா, அப்பவே ஊரு முடிவு பண்ணிரும், இவன் பொண்டாட்டி இவனை விட்டுட்டுப் போயிட்டான்னு.

உன் ஒழுங்கைப் படிச்சேன். காலையில இது, மத்தியானம் அது, நாலு மணிக்கு எது. அதுல எனக்கு எந்த மணிட்டி? தேடித் தேடிப் பார்த்தேன், காணலை.

பதிமூணு, பதினாலு வந்தா வா. வரலைன்னா பொறவு எப்பவும் வர வேண்டாம். இதைக் கோவத்துல எழுதலை. ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு உக்காந்து எழுதுறேன்.

சுயம்புலிங்கம்


ராஜபாளையம்,
5.9.1997

அத்தானுக்கு,

வாரேன். சனிக்கிழமை காலை முதல் பஸ். நீல நிறத்தில் பட்டு எடுக்க வேண்டாம், பிள்ளை மாநிறம், எடுபடாது. அரக்கு எடுங்கள்.

கண் பொத்துகிற சோதனையைப் பற்றி எங்கள் முதலாளியிடம் போய் நின்றேன். இரண்டு நாள் தள்ளித் தாருங்கள் என்றேன். "கண்ணைப் பொத்திக்கிட்டு எவம்மா மில்லு ஓட்டுவான்? மாட்டுன பொறவு அங்கேயே போய் பார்த்துக்கோ" என்றார். பொன்னுராஜும் சிரித்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவ்வளவு உயரத்தில் இருக்கிற கண்ணை யார் போய்ப் பொத்தப் போகிறார்கள்?

அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். இவ்வளவு நாளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் குறித்தேன். இதற்கு மட்டும் குறிக்கவில்லை. கை ஓடவில்லை அத்தான். மனசு சீர்த் தட்டுக்குப் போய்விட்டது.

பேச்சிமுத்து அண்ணன் கோழியை இப்போதே பார்த்து வைத்திருக்கிறாராம்.

செல்லக்கனி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
19.9.97

ஏட்டி செல்லக்கனி,

மொதத் தட்டைத் தூக்கிட்டு நீ வந்தியே, அப்ப எங்க அக்கா முகத்தைப் பார்த்தியா? அது போதும் எனக்கு. தலைக்கு அம்புட்டுப் பூவும் வச்சுக்கிட்டு, கை வலிக்குன்னு காட்டிக்கிடாம நடந்தியே, எனக்குக் கண்ணு கலங்கிட்டு. பேச்சிமுத்து பார்த்துட்டான். "என்னலே, தூசி விழுந்துட்டா?"ன்னு நாலு பேருக்குக் கேக்கக் கேட்டான், பாவி.

முழுக் கோவமும் தீர்ந்துட்டு. தீபாவளிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். வேலையை விடுன்னு சொல்ல மாட்டேன். இங்கிருந்தே பஸ்ல போயிட்டு வா.

திங்கக்கிழமை மெஷினை மாட்டிட்டாங்க. புதன்கிழமையே ஒரு பொறி. பஞ்சுப் பேலுக்குள்ள ஒரு கம்பித் துண்டு கிடந்திருக்கு. நான் ஐயோங்கறதுக்குள்ள ஃபேன் நின்னுட்டு, மணி அடிச்சிட்டு. எல்லாரும் கை தட்டினாங்க. முதலாளியே எறங்கி வந்து பார்த்தார். "இதைப் பார்த்து அனுப்புனது யார் தெரியுமா?"ன்னு பேச்சிமுத்து ஆரம்பிச்சான், நான்தான் வாயைப் பொத்தினேன்.

மறுநாளே சீனிச்சாமியை வாளியும் கையுமா கிடங்குக்கு மாத்திட்டாங்க. போறப்ப அவர் தூசி ரூம் கதவை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துட்டுப் போனார். இப்ப அந்த வாசல்ல யாரும் இல்லை. எனக்குத்தான் அந்தப் பக்கம் பார்க்கப் பார்க்க என்னமோ மாதிரி இருக்கு. பழக்கம் இல்லாததுனாலன்னு நெனைக்கேன்.

பால்கோவா கொடுத்து விட்டிருக்கேன். வழியில பேச்சிமுத்து கை வச்சிருந்தா நான் பொறுப்பில்லை.

உன் சுயம்பு


ராஜபாளையம்,
26.9.1997

அன்புள்ள அத்தானுக்கு,

பால்கோவாவில் கால்வாசி வந்து சேர்ந்தது. "மைனி, பஸ்ல ஒரு பச்சப்பிள்ளை அழுதுச்சு, மனசு கேக்கலை" என்றார். அந்தப் பச்சைப்பிள்ளைக்கு மீசையில் பால்கோவா ஒட்டியிருந்தது.

பொறி வந்து மெஷின் நின்றது என்பதை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷம்தான். ஆனால் சீனிச்சாமியை மாற்றிவிட்டார்கள் என்று படித்தபோது சந்தோஷம் பாதியில் நின்றுவிட்டது. பாக்கி வைத்த சோதனையை முடிக்காமல் அவரை எடுத்திருக்கக் கூடாது. நான் சொல்லியும் இருக்க வேண்டும். ஒரு தடவை நின்றதைப் பார்த்துவிட்டு எப்போதும் நிற்கும் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

சங்கையாவுக்குப் போன் போட்டு அரை நாள் மெஷினைக் கொடுங்கள் என்று கேட்டேன். "நூல் ஏத்துமதிக்குப் போகுதும்மா, ஒரு நிமிஷம் நிறுத்த முடியாது. பூஜைக்கு எப்படியும் நிக்கும். விஜயதசமி முடிஞ்ச திங்கக்கிழமை காலையில வாங்க" என்று சொல்லிவிட்டார். அக்டோபர் பதின்மூன்று. இப்போதாவது ஒரு தேதி இருக்கிறது.

அதுவரைக்கும் கண்ணாடியில் பஞ்சும் தூசியும் படியாமல் துடைத்துக்கொண்டே இருங்கள். மறந்துவிட வேண்டாம்.

உங்கள் செல்லக்கனி


ஸ்ரீவில்லிபுத்தூர்,
10.10.97, ஆயுத பூஜை

ஏட்டி,

இன்னைக்கு மில்லுல பூஜை. அம்புட்டு மெஷினையும் கழுவித் தொடச்சு, வாழைக்கன்னு கட்டி, மாலை போட்டு, பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி. முதலாளி வீட்டம்மா தட்டுத் தட்டாச் சந்தனம் கொழைச்சுக் கொடுத்தாங்க. உன் கம்ப்யூட்டருக்கு மட்டும் யாரும் கிட்டப் போகலை, கரண்ட் அடிக்குமோன்னு பயம். நான் சொன்னேன், இது எம் பொண்டாட்டி மெஷினு, நான்தான் வைப்பேன்னு.

பெட்டிக்கு மூணு பட்டை போட்டு நடுவுல குங்குமம். பொறவு ஏணி போட்டு ஏறினேன். நீ சொன்ன மாதிரி குழாய்க் கண்ணு ரெண்டையும் சுத்தமான துணியால தொடச்சேன். பளிங்கு மாதிரி ஆயிட்டு. தொடச்ச கண்ணாடிக்கு நடுவுல, நல்லாக் கட்டியா சந்தனம் அப்பி, அதுக்கு மேல குங்குமப் பொட்டு. கீழே நின்னு பார்த்தா அம்மன் கண்ணு மாதிரியே இருக்கு. உன்னை நெனைச்சுக்கிட்டேதான் வச்சேன்.

நாளைக்கு விஜயதசமி. காலையில முதலாளி கையால சுவிட்ச் போடுறார். அவர் போட்டு ஓடுற மொத லோடு முடியுற வரைக்கும் மெஷினை நிறுத்தக் கூடாது, அது இங்க வழக்கம். வருஷம் பூரா ஓடணும் பாரு.

பொரிகடலை கொடுத்து விட்டிருக்கேன். பேச்சிமுத்து வீட்டுக்குப் போய்ச் சேரையில நீ தூங்கிருப்ப, காலையில ஷிப்ட்டுக்குக் கிளம்புறப்ப உங்க வீட்டுல கொடுத்துட்டு வாரேன்னுருக்கான்.

உன் சுயம்பு


மில் வாசல்,
11.10.97, காலை

அத்தான்,

மெஷினை ஓட விடாதீர்கள். கண்ணில் பொட்டு வைத்தால் கண் மறைந்துவிடும். கண் மறைந்தால் பொறி தெரியாது. பொறி தெரியாவிட்டால் புரோகிராம் எல்லாம் சுகம் என்று நினைத்துக்கொள்ளும் என்றுதான் பயப்படுகிறேன். நான் பாக்கி வைத்த சோதனை அதுதான்.

பேச்சிமுத்து அண்ணன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். நான் பொரியை எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்புறம்தான் படித்தேன். போன் போட்டேன், பூஜை என்று யாரும் எடுக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். வாசலில் விட மாட்டேன் என்கிறார்கள். முதலாளி குடும்பம் உள்ளே இருக்கிறதாம், பெண்பிள்ளைகளை எல்லாம் சாயங்காலம் வரச் சொல்கிறார்கள். நல்ல வேளை, பேச்சிமுத்து அண்ணன் இந்தப் பக்கம் வந்தார். அவரிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

பொட்டைத் துடையுங்கள். உடனே.

செ.


(பின்பக்கம்)

சுவிட்ச் போட்டாச்சு. ஓடிக்கிட்டு இருக்கு. நிறுத்தச் சொன்னேன், மொத லோடு முடியாம நிறுத்துனா அபசகுனம்னு சங்கையா கத்துதார், முதலாளி வேற நிக்கார்.

ஓட ஓடவே ஏணி போட்டு ஏறி, ரெண்டு கண்ணுலயும் பொட்டைச் சுரண்டி ஈரத்துணியால தொடச்சிட்டேன். இப்ப பளிச்சுன்னு இருக்கு. பயப்படாத. வெயில்ல நிக்காத, எதுத்தாப்புல டீக்கடையில உக்காரு. லோடு முடிஞ்சதும் வாரேன்.

சு.


மில் வாசல்

அத்தான், கண் மூன்று. மூன்றாவது தூசி ரூமுக்குள் இருக்கிறது. அதற்கும் யாராவது பொட்டு வைத்தார்களா என்று கேளுங்கள். அபசகுனம் கிபசகுனம் எதுவும் பார்க்க வேண்டாம், ஃபேனை நிறுத்துங்கள். நிறுத்தாமல் அந்த ரூமுக்குள் நீங்கள் போகக் கூடாது. யாரும் போகக் கூடாது.

செ.


ஸ்ரீவில்லிபுத்தூர்,
22.10.97

செல்லக்கனிக்கு,

இந்த லெட்டர் தபால்ல வருது. தபாலாபீஸ்ல ஸ்டாம்ப் வாங்கி ஒட்டினேன். நம்ம ரெண்டு பேருக்கும் இதுவரைக்கும் ஸ்டாம்ப் தேவைப்படலை பாரு.

அன்னைக்கு உன்னை வாசல்ல பார்த்துட்டும் பேசாமப் போயிட்டேன். பேச்சிமுத்தை எடுத்த அன்னைக்கு துட்டிக்கு வந்தப்பவும் பேசலை. என்னால உன் முகத்தைப் பார்க்க முடியலை. நடந்தது உனக்கு யாரும் முழுசாச் சொல்லிருக்க மாட்டாங்க. நான் சொல்லணும்.

உன் ரெண்டாவது சீட்டைப் பேச்சிமுத்து கொண்டு வரும்போதே படிச்சிட்டான். எங்கிட்ட நீட்டிட்டு, "ஏலே, அதுக்கு நான்தான்லே பொட்டு வச்சேன். நீ ரெண்டு கண்ணுக்கு வச்சப்ப உள்ள இருக்கிற ஒத்தக் கண்ணு மட்டும் மூளியா இருக்கக் கூடாதேன்னு போய் வச்சுட்டு வந்தேன். நானே தொடச்சிட்டு வாரேன்"னான். ஃபேனை நிறுத்தாமப் போகாதேன்னேன். "நீ போய் அந்தச் சங்கையா காலுல விழு, நான் ஒரு நொடியில வாரேன்"னான். சிரிச்சுக்கிட்டேதான் போனான்.

நான் சங்கையா கிட்ட ஓடினேன். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி குடும்பத்தோட படம் எடுத்துக்கிட்டு இருந்தார். அப்ப மேல குழாய்க்குள்ள ஒரு சத்தம் கேட்டுச்சு, கல்லு உருளுற மாதிரி. குழாய்க் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. பொறி அதைத் தாண்டி அங்கிட்டுதான் உண்டாயிருக்கு. தூசி ரூமுக் கண்ணுதான் அதைப் பார்த்திருக்கணும். அது பார்க்கலை. மணி அடிக்கலை. ஃபேன் நிக்கலை. காத்து அள்ளிக்கிட்டுப் போய் அந்த ரூமுக்குள்ள கொட்டிட்டு. நான் திரும்பையில கதவு இடுக்கு பூரா வெளிச்சம்.

கதவைத் திறந்தது நான்தான். அதுக்கு மேல எழுத முடியலை.

எல்லாரும் எங்கிட்ட, நீ என்னப்பா செய்வே, சாமிக்கு வச்ச பொட்டுங்காங்க. கண்ணை மறைச்சா மெஷினுக்குத் தெரியாம போயிருமோன்னு நீ எழுதின லெட்டரை நான் படிச்சவன்தானே செல்லக்கனி. அழுக்கு மறைக்கும், துணி மறைக்கும்னு தெரிஞ்சது. பொட்டும் மறைக்கும்னு புத்தியில ஏறலையே. அதை நீ சோதிக்க வச்சிருந்த ரெண்டு நாளையும் சீர்த் தட்டு தூக்க நான் பிடுங்கிக்கிட்டேன். வரலைன்னா எப்பவும் வராதேன்னு எழுதினேனே, அந்தக் கையாலதான் பொட்டும் வச்சேன்.

இன்னொன்னு. உங்க கம்பெனியிலருந்து ஆள் வந்தாங்க. எல்லாச் சோதனையும் முடிச்சுத்தான் கொடுத்தோம், கண்ணுல சந்தனம் வச்சது தொழிலாளி தப்புன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. இனிமே கண்ணுக்குப் பொட்டு வைக்கக் கூடாதுன்னு ஒரு போர்டு மாட்டிருக்கு. அவ்வளவுதான். புரோகிராம் அதேதான். தீபாவளிக்கு முன்னாடி சரக்கு அனுப்பணுமாம், வார திங்கக்கிழமை காலையில ஓட்டுறாங்க. தூசி ரூம் வாசல்ல ஒரு ஆள் நிக்கணும்னு முதலாளி சொல்லிருக்கார். சீனிச்சாமி மாட்டேன்னுட்டார். நான் நிக்கேன்னு சொல்லிட்டேன்.

சுயம்புலிங்கம்


ராஜபாளையம்,
25.10.1997

அத்தான்,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது ஒரு நொடி பேச்சிமுத்து அண்ணன் குரலாகவே கேட்டது. வாசலுக்கு ஓடினேன்.

அண்ணன் வீட்டுக்குத் தினமும் போய் வெள்ளைத்தாய் மைனியைப் பார்த்துவிட்டு வருகிறேன். மில்லிலிருந்து தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். மேல் தட்டு காலியாக இருந்தது. அவள் அதைத் திறந்து காட்டி, "இன்னைக்கு உனக்கு ஒண்ணும் இல்லையாம் தாயி" என்றாள். அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

எங்கள் கம்பெனியில், எல்லாச் சோதனையும் முடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட மாட்டேன் என்றேன். "ஒன்று பாக்கி இருந்தது, அது பாக்கி என்று உங்களுக்கும் தெரியும், நான் கேட்டபோது சிரித்தீர்கள், நானும் தலையாட்டினேன்" என்று முதலாளியிடம் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பொன்னுராஜ் அழுதுவிட்டார். முதலாளி, "அப்படின்னா நாளையிலருந்து வர வேண்டாம்" என்றார். சரி என்றேன். ஆனால் புரோகிராமில் ஒரு திருத்தம் செய்யாமல் இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். பொன்னுராஜ் அவர் பேச்சைக் கேட்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் மறைந்தால் ஃபேன் நிற்க வேண்டும். எழுதிவிட்டோம். நிற்கும் என்று நினைக்கிறேன். நினைத்தால் போதாது என்று உங்களுக்கும் எனக்கும் இப்போது தெரியும்.

நீங்கள் பிடுங்கிக்கொண்ட இரண்டு நாள் என்று எழுதியிருந்தீர்கள். பிடுங்கவில்லை, நான்தான் கொடுத்தேன். கொடுத்ததற்கு இன்றைக்கும் வருத்தமில்லை, உங்கள் அக்கா முகத்தை நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தச் சோதனையை எந்த நாளில் வைப்பது என்று சத்தம் போட்டுக் கேட்டிருக்க வேண்டியவள் நான். ஒரு தேதிக்காக இரண்டு வாரம் காத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் நேரம் வகுக்கத் தெரிந்த எனக்கு அது தெரியாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பொன்னுராஜும் புது புரோகிராமைக் கையில் எடுத்துக்கொண்டு கூட வருகிறார். கறுப்புத் துணி கொண்டு வருகிறேன், கைநிறையச் சந்தனமும் கொண்டு வருகிறேன். பஞ்சு போடாமல் வெறும் ஃபேனை ஓட்டி, மூன்று கண்ணையும் ஒவ்வொன்றாக நானே பொத்திப் பார்க்கிறேன். மூன்று தடவையும் ஃபேன் நிற்க வேண்டும். நிற்கிற வரைக்கும் அந்த மில்லில் ஒரு கைப்பிடிப் பஞ்சு உள்ளே போகக் கூடாது. நல்ல நேரம் போய்விடும் என்று உங்கள் முதலாளி சொன்னால் போகட்டும். நீங்கள் அந்த வாசலில் நிற்க வேண்டாம் அத்தான், ஏணியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நில்லுங்கள்.

இதைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டு வருகிறேன். வாசலில் நிறுத்துவார்கள், இதை உள்ளே கொடுத்து விடுவேன், பார்த்ததும் வெளியே வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

செல்லக்கனி